கெ: ஒரு கல்யாண எழுத்து

இன்று காலை வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டி ஏதோ பாலத்து வேலை. வண்டிகள் நகராமல் நின்றன. என் ஜன்னலுக்கு நேரே ஒரு கல்யாண மண்டபம், அதன் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நிற்கும் படம், சுற்றிலும் நண்பர்களின் முகங்கள், அடியில் இரண்டு வரி. முதல் வரியில் ‘மணமக்களை’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியின் கடைசியில் ஒரு ஒற்றைக்கொம்பு மட்டும், துணைக்கு ஒரு புள்ளிவட்டத்தை வைத்துக்கொண்டு, தனியாக நின்றது. அடுத்த வரியில் ‘நஞ்சார வாழ்த்துகிறோம்’.

நெஞ்சாரத்தான் வாழ்த்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்தான் கொம்பை மேல் வரியில் விட்டுவிட்டு, ‘ந’வை மட்டும் கீழே இறக்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் கீரைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா, இன்னா ஆச்சு?” என்றார். ஜன்னல் வழியே காட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, “அடப்பாவிங்களா, கல்யாணத்துக்கு வெச்சதா இது?” என்றார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். மாதனூர் வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சிரித்துக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை தானாக போனை எடுத்தது. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. இதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

நீயாக இருந்திருந்தால் சிரித்ததோடு விட்டிருக்க மாட்டாய். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த ஃபிளெக்ஸின் மூலையில் அச்சடித்தவர் நம்பரைத் தேடிப் போன் போட்டிருப்பாய். ஒருமுறை அப்படிச் செய்தாயே, வாணியம்பாடி பஜாரில். புதிதாகத் திறந்த துணிக்கடைப் பலகையில் உருது எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், அதுவும் இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் நின்றன. எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. நீ நின்ற இடத்திலேயே நம்பரை அழுத்தி, “பாய், உங்க கம்ப்யூட்டர் எழுத்துங்களுக்குள்ள சண்டை மூட்டி வுட்டுடுச்சு. ஒண்ணோட ஒண்ணு பேச்சுவார்த்தையே இல்ல, வந்து பாருங்க” என்றாய். அந்த ஆள் உண்மையிலேயே வந்தார். நமக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

நாம் பழகினது அந்த ஷூ கம்பெனியின் சாப்பாட்டு ஹாலில். நான் ஏற்றுமதிக் காகிதங்கள் போடும் செக்ஷன். நீ டிசைன் ரூம். செருப்பின் உள்தோலில், பெட்டியில், லேபிளில் வரும் பெயரையும் முத்திரையையும் வரைவது உன் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் முத்திரைகளை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, இரண்டு எழுத்து எங்கே தொட்டுக்கொண்டால் அழகு, எங்கே விலகி நின்றால் அழகு என்று உன் கண் பழகியிருந்தது. கம்பெனி உள்ளூர் விற்பனைக்கென்று ஒரு செருப்பு போட முடிவு செய்து, பெட்டியில் தமிழிலும் பெயர் வேண்டும் என்று சொன்னபோதுதான் உனக்குப் பேஜார் பிடித்தது. உருது மீடியத்தில் படித்தவள் நீ. தமிழ் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாய். எழுதப் படிக்கத்தான் தட்டுத்தடுமாற்றம்.

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். “உங்க எழுத்தைக் கொஞ்சம் சொல்லிக் குடு. பதிலுக்கு எங்களுத நான் சொல்லித் தர்றேன். பிரியாணி தனி” என்றாய். பேரம் எனக்குப் பிடித்திருந்தது.

உயிரும் மெய்யும் உனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. உயிர்மெய்யில்தான் சண்டைக்கு வந்தாய். ‘உ’ சேரும் வரிசையை நான் எழுதிக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. கு-வுக்கு அடியில் ஒரு வளையம். பு-வுக்குக் கீழே இறங்கும் ஒரு கோடு. து-வுக்குச் சுழன்று வலப்பக்கம் ஏறும் ஒரு கோடு. மு-வுக்கு, ரு-வுக்கு வேறு வேறு. நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாய்.

“ஒரே உ தானே வருது?”

“ஆமா.”

“அப்ப ஏன் ஒவ்வொருத்தரு வீட்டுலயும் ஒவ்வொரு மாதிரி ஒக்காருது?”

எனக்கு அதற்கு முன்னால் அது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் ‘உ’வைத் தனக்கு ஏற்ற இடத்தில் உட்கார வைத்துக்கொள்கிறது என்பதை நீ சொல்லித்தான் பார்த்தேன். அப்புறம் கொம்பு வந்தது. “எழுதறப்ப முன்னாடி, சொல்றப்ப பின்னாடியா? உங்க எழுத்துக்கு வரிசைன்னா இன்னான்னே தெரியல எஸ்தர்” என்றாய். ‘கொ’ எழுதிக் காட்டினேன். க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். “இவருக்கு ரெண்டு பக்கமும் செக்யூரிட்டி” என்றாய். லாரிகளின் நெற்றியில் எழுதியிருக்கும் ‘ஸ்ரீ’ மட்டும் உனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவே முடியாதபடி ஒன்றாகிவிட்ட எழுத்து அது ஒன்றுதான் என்று உன் கட்சி.

உன் பாடம் என் பாடத்தைவிட வேடிக்கை. உருது எழுத்துகள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து உருவம் மாற்றிக்கொள்பவை. முதலில் வந்தால் ஒரு முகம், நடுவில் ஒரு முகம், கடைசியில் ஒரு முகம். அவற்றில் சில, தமக்கு முன்னால் வந்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும், தமக்கு அடுத்து வருவதற்குக் கை கொடுக்காது. அலிஃப் அப்படி. தால், ரே, வாவ் எல்லாம் அப்படி. இதைச் சொன்ன அன்றே நீ கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு எழுத்து வைத்துவிட்டாய். நம் மேனேஜர் அலிஃப். “மேல இருக்கறவங்க கையை நல்லா புடிச்சிக்கினு நிப்பாரு. பின்னாடி வர்றவங்களுக்கு ஒண்ணும் கிடையாது” என்றாய். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி மெதுவாக “அலிஃப், அலிஃப்” என்பாள்.

“நான் எந்த எழுத்து?” என்று கேட்டேன்.

“நீ பே” என்றாய். காகிதத்தில் எழுதிக் காட்டினாய். தனியாக இருக்கும்போது படகு மாதிரி அகலமாக இருந்தது, அடியில் ஒரு புள்ளியோடு. பிறகு அதையே இரண்டு எழுத்துக்கு நடுவில் எழுதினாய். படகு காணாமல் போய்விட்டது. ஒரு சின்னப் பல்லும், கீழே அந்தப் புள்ளியும்தான் மிச்சம். “ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டினா நீ இப்படித்தான் ஆய்டுவ. பாத்துக்கோ” என்றாய்.

அப்படியே ஆனது, என் கல்யாணத்தில்.

கருணாவோடு எனக்கு நிச்சயமான செய்தியை உன்னிடம்தான் முதலில் சொன்னேன். கருணாகரன், பேரணாம்பட்டு, பாங்க்கில் வேலை, அதிகம் பேசாதவர். “அப்ப அவரு ரே” என்று நீ அவரையும் எழுத்தாக்கிவிட்டாய். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, பத்திரிகை அச்சடிக்கும் பேச்சு வரும்வரை.

நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பத்திரிகையின் தலையில் பெண், மாப்பிள்ளை இருவருடைய இங்கிலீஷ் முதலெழுத்தையும் சேர்த்துப் பின்னிப் போடுவார்கள். அந்த எழுத்துதான் சர்ச் வாசல் வளைவிலும் மேடையிலும் கேக்கிலும் வரும். யார் எழுத்து முன்னால் என்பதில் வந்தது வினை. மாமா, கருணாவின் அப்பா, “பையன் எழுத்துதான் முன்னாடி. அதுல பேச இன்னா இருக்குது?” என்று போனில் சொல்லிவிட்டார். அம்மா, “பொண்ணு வீட்டுப் பத்திரிகையில பொண்ணு எழுத்துதான் முன்னாடி வரும்” என்று சொல்லிவிட்டாள்.

கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்த அம்மா, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்து சொன்னாள்: “உங்கப்பா போனதுலேர்ந்து எல்லா எடத்துலயும் நாம பின்னாடிதான் நின்னோம். சர்ச்சுல கூட கடைசி பெஞ்சு. யாரும் போகச் சொல்லல. நாமளா போயி ஒக்காந்துக்கினோம். இது ஒண்ணுலயாவது என் பொண்ணு முன்னாடி நிக்கட்டும்.” அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை.

மாமாவுக்கும் ஒரு காயம் இருந்தது. அவருடைய பெரிய மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் தங்கள் எழுத்தை முன்னால் போட்டுவிட்டார்களாம். சொந்தக்காரர்கள் சாப்பாட்டுப் பந்தியிலேயே, “இன்னாப்பா, பையனை அனுப்பி வெச்சிட்டியா?” என்று கேட்டுச் சிரித்தார்களாம். அதை அவர் மறக்கவில்லை. கருணாவிடம் கேட்டால், “எதுனா ஒண்ணு போடச் சொல்லு” என்றார். நீ சொன்னது சரி, ரே.

விஷயம் பெரிதானது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அதற்குப் பெயர் கொடுக்கிற வாரத்தில் மாமா, “ஓலை அப்புறம் பாத்துக்கலாம், இப்ப இன்னா அவசரம்?” என்று சொல்லி அனுப்பினார். அம்மா கல்யாணச் செலவுக் கணக்கு நோட்டை மூடிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அடுத்த நாள் சாப்பாட்டு ஹாலில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் போய் நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி என்னிடம் பல்லும் புள்ளியும்தான் மிச்சம்.

நீ எல்லாவற்றையும் கேட்டாய். வழக்கமாகக் கேலி செய்பவள் அன்று செய்யவில்லை. “இங்கிலீஷ்லதான் யாரு முன்னாடின்னு சண்டை வருது. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு நிக்குதே, வராம இன்னா பண்ணும்? உருதுல போட்டா உங்க ஆளுங்களுக்குப் படிக்க வராது. கொஞ்சம் பொறு” என்றாய்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாய். மாமாவையும் வரச்சொல்லிக் கேட்கும்படி கருணாவை நீதான் நெருக்கினாய். மாமா தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா காபி வைத்தாள், வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னாள். நீ துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பையிலிருந்து ஒரு கனமான வெள்ளை அட்டையை எடுத்து டீப்பாயில் வைத்தாய்.

அட்டையில் ஒரே எழுத்து இருந்தது. கெ.

ஆனால் நான் அதுவரை பார்த்த கெ இல்லை அது. கொம்பு கீழே சுழித்துக் கிளம்பி, மேலே ஏறி, வளைந்து இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அப்படியே நேராக ஓடி க-வின் மேல்கோடாக மாறியிருந்தது. கையை எடுக்காமல் எழுதியது மாதிரி. கொம்பு எங்கே முடிகிறது, க எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

“ஆன்ட்டி, இதுல மொதல்ல எதை எழுதியிருக்கேன்?” என்று அம்மாவிடம் கேட்டாய்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “கொம்பு.”

“கொம்பு எந்த எழுத்துக்கு வரும்?”

“எ-க்கு.” அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “எஸ்தருக்கு எ.”

“அங்கிள், நீங்க வாய்விட்டுப் படிங்க.”

மாமா அட்டையைப் பார்த்தார். “கெ.”

“பிரிச்சு மெதுவா சொல்லுங்க. நான் தமிழ் இப்பதான் கத்துக்கினு வர்றேன்.”

“க்…” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “…எ” என்றார்.

“வாய்ல மொதல்ல எது வந்துச்சு?”

“க.” அவர் மறுபடியும் அட்டையை எடுத்துக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். “கருணா.”

நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். “எழுதறப்ப பொண்ணு மொதல்ல. சொல்றப்ப பையன் மொதல்ல. நான் ஒண்ணும் பண்ணல. உங்க எழுத்தே அப்படி இருக்குது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் எழுதிய எழுத்துதான். நீ குறை சொன்ன அதே கொம்புதான். அம்மா அட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் முகம் இளகுவது தெரிந்தது.

அப்போதுதான் மாமாவின் அக்கா வாயைத் திறந்தார். “அதெல்லாம் சரி. கெ-ன்னு ஆரம்பிச்சா இன்னா வார்த்த வருது? கெட்டது, கெடுதி, கெட்டுப்போச்சு. கல்யாணப் பத்திரிகையில போடற எழுத்தா இது?”

உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். நீ எல்லாக் கோணத்திலும் யோசித்திருந்தாய், இதைத் தவிர. தமிழிலேயே வளர்ந்தவர்களின் காதில் முதலில் படுகிற விஷயம், புதிதாகக் கற்றுக்கொண்ட உன் காதில் படவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

பதில் சொன்னது மாமா. “கெட்டின்னும் வருதே அக்கா” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிடையர் ஆகும்வரை ஒரு தோல் கம்பெனியில் தோலைத் தரம் பிரித்தவர். அட்டையைத் தோல்போல இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்துக்கொண்டே பேசினார். “இந்தக் கையால தொட்டுப் பாத்து, கெட்டி, கெட்டியில்லன்னு சொல்லித்தான் பசங்களப் படிக்க வெச்சேன். எனக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்தையே அதான். கெட்டியா இருக்கட்டும்.”

“அதுவும் சரிதான்” என்று அக்கா காபி டம்ளரை எடுத்தார். அம்மா என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்து, “அப்ப ஓலைக்கு எப்ப பேர் குடுக்கறீங்க அண்ணே?” என்றாள். “நாளைக்கே குடுத்துடலாம் சம்பந்தியம்மா” என்றார் மாமா.

உன்னைத் தெருமுனை வரை கொண்டுவிட வந்தேன். முனை திரும்பியதும் நீ சுவரில் சாய்ந்து நின்று, “யா அல்லா, எஸ்தர், அந்தம்மா கெட்டதுன்னு சொன்னதும் எனக்கு உசிரே போய்ட்டுச்சு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

வேலை அத்தோடு முடியவில்லை. பத்திரிகையோடு ஒரு சின்னத் தோல் துண்டு, அதில் அந்த எழுத்தை அழுத்திப் பதித்து, புத்தகத்தில் வைக்கும் அடையாளமாகத் தர வேண்டும் என்று நீயாக முடிவு செய்தாய். கம்பெனியில் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஆனால் எடுக்கவும் மெஷினில் போடவும் மேனேஜர் அனுமதி வேண்டும். “அலிஃப்கிட்ட போய் நிக்கணுமா?” என்று நான் பயந்தேன். நீ போய்க் கேட்டாய். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அது எப்படி இரண்டு பேரும் முதலில் வருகிறார்கள் என்று உன்னிடம் இரண்டுமுறை விளக்கச் சொன்னாராம். பிறகு, “சாயந்தரம் மெஷின் சும்மா இருக்கறப்ப போட்டுக்கம்மா. நல்ல தோலா பாத்து எடு” என்றாராம். நீ திரும்பி வந்து, “இனிமே அவரை வேற எழுத்துக்கு மாத்தணும்” என்றாய்.

முதல் பித்தளை அச்சு சரிவரவில்லை. காகிதத்தில் அழகாக இருந்த சேர்க்கை, தோலில் அழுத்தியதும் குழியாகிவிட்டது. கொம்பின் சுழி உள்ளே மூடிக்கொண்டது. கொம்பும் க-வும் சேர்கிற இடத்தில் தோலின் மேற்பரப்பு கிழிந்தது. நீ ஒரு வாரம் அந்த ஒரே இடத்தை வரைந்தாய். சேரும் இடத்தில் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினாய், மூலையை உருட்டினாய், சுழியை அகலமாகத் திறந்து விட்டாய். “சேர்ற எடத்துல கொஞ்சம் காத்து வுடணும். இல்லன்னா ரெண்டும் ஒண்ண ஒண்ணு அமுக்கிடும்” என்று, உதட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு சொன்னாய். நீ எழுத்தைப் பற்றித்தான் சொன்னாய். கல்யாணம் ஆகிப் பேரணாம்பட்டுக்குப் போன பிறகு எனக்கு அது பல நாள் உதவியது.

கல்யாணத்தன்று சர்ச் வளைவில் மல்லிகையும் ரோஜாவுமாக உன் கெ. அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சபை கூடியிருக்கும்போது அவளை முதல் பெஞ்சில் நான் பார்த்தது அன்றுதான். ஹாலில் கேக்கைத் திறந்தபோதுதான் அடுத்த கூத்து. கேக் போட்டவர் கொம்பின் சுழியை அழகுக்கு என்று மேலே ஒரு சுற்றுச் சுற்றி இரட்டைக்கொம்பாக்கிவிட்டார். கே. மாமா என்னைப் பார்த்தார், அம்மா மாமாவைப் பார்த்தாள், எல்லோரும் உன்னைப் பார்த்தோம். நீ பச்சைப் பட்டுச் சுடிதாரில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எட்டிப் பார்த்து, “கேக்குல கே-ன்னுதான் எழுதணும். சரியாத்தான் எழுதியிருக்காரு, வெட்டுங்க” என்றாய். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்னவென்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு உன்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பெனி வேலையோடு வீட்டிலும் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டாய். ஜோடி எழுத்து என்று நீ வைத்த பெயர் இந்தப் பக்கம் முழுக்கப் பரவியது. உருதுப் பெயர்கள் உனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் எனக்குப் போன் வரும். “எஸ்தர், மு-வும் தே-வும். இதுல கெட்ட வார்த்த எதுனா வருதா, யோசிச்சுச் சொல்லு.” பாங்க்குக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் கருணாவையும் நிறுத்திக் கேட்பேன். அவரும் டிபன் பையோடு நின்று யோசிப்பார். கலவைப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. இருவர் பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கும். இரண்டு ச. நீ ஒரே ஒரு ச மட்டும் வரைந்து கொடுத்துவிட்டு, “ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க” என்றாய். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலூர் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்தோம். அந்தக் காரிடாரில் பல மொழிகளில் பலகைகள். நீ வீல்சேரில் போகும்போது ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பாய். தெலுங்குப் பலகையில் எழுத்துக்குக் கீழே தொங்கும் எழுத்துகளைக் காட்டி, “இவங்க மாடி வீடு கட்டிக்கினு இருக்காங்க, கீழ் போர்ஷன் வாடகைக்கு” என்றாய். இந்திப் பலகையில் எல்லோரும் ஒரே கொடிக்கயிற்றில் தொங்குகிறார்கள் என்றாய். வீல்சேர் தள்ளிய அண்ணன் உன்னை நிறுத்திக் கூட்டிப் போகவே தனி நேரம் வைத்துக்கொண்டார். வலி ஜாஸ்தியான நாட்களில் நீ பேசவில்லை. என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாய். தண்ணீர் என்றால் தமிழில். தலையணை என்றால் உருதுவில். தலையணையில் சுழிமேல் சுழியாக வரும் ‘ணை’ உனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. உனக்கும் பிடிக்காது.

சில வாரம் கழித்து உன் அம்மாவை, நீ ‘அம்மி’ என்று கூப்பிட்டவரை, பார்க்க வாணியம்பாடிக்குப் போனேன். அவர் கண்ணுக்கு எல்லாம் நிழல்போலத்தான் தெரிகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், கட்டிலுக்குப் பக்கத்தில் உருதுப் பேப்பர்கள் மடிப்புக் கலையாமல் அடுக்கிக் கிடந்தன. தினமும் சாயங்காலம் நீ அவருக்குப் படித்துக் காட்டுவாய் என்று அப்போதுதான் நினைவு வந்தது. பேப்பர்காரருக்கு நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லைபோல.

நான் மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தேன். “அம்மி, படிக்கட்டுமா?” என்றேன்.

“உனக்கு வருமா பேட்டி?” உன்னை ‘மகளே’ என்று கூப்பிடும் அதே வார்த்தை.

“கொஞ்சம் வரும்.”

அன்று தலைப்பைப் படிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. இப்போது இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் போகிறேன். சேர்ந்து நிற்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, புள்ளி எண்ணி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பிறகு சத்தமாகச் சொல்கிறேன். பாதி வார்த்தை தப்பு. போன வாரம் ஒரு மந்திரி பெயரை ஏதோ காய்கறியின் பெயராகப் படித்துவிட்டேன். அம்மி வெற்றிலைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் பேப்பரை மடிக்கப் போனேன்.

அம்மி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “மடிக்காத. அவ தமிழ்ப் பாடம் படிக்க ஆரம்பிச்சப்ப இந்தக் கட்டில்ல ஒக்காந்துக்கினு இப்படியேதான் படிப்பா. ஒரு எழுத்து சொல்வா, நிறுத்துவா, தப்பாச் சொல்வா, அவளே சிரிப்பா. நீ படிச்சா எனக்கு அவ கொரலு கேக்குது.”

நான் பேப்பரைத் திரும்பவும் விரித்து, அடுத்த செய்தியை முதல் எழுத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.